பனியன் துணியில் பின்னிய மூலை

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்ட பிறகு, வேலம்பாளையத்தில் என் வீட்டு வாசலிலேயே பழைய பிரம்பு நாற்காலிகளைச் சரிசெய்து கொடுத்துவருகிறேன். துணியில் ஓட்டை தேடிப் பழகிய கண்ணுக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

போன ஆடியில் பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலிலிருந்து ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், மினி ஆட்டோவில் ஒரு தேக்கு நாற்காலியைக் கொண்டுவந்து இறக்கினார். அகலமான, கை வைத்த நாற்காலி. உட்காரும் இடம் தொட்டில்போலத் தொங்கிப்போயிருந்தது. "புதுசா பின்னிக் குடுத்துருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பழைய பிரம்பை அறுத்தெடுக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். முன்பக்கம் ஒரு மூலையில் பிரம்பே இல்லை. பனியன் துணியைக் கீற்றாகக் கிழித்து, முறுக்கிக் கயிறாக்கி, துளைக்குத் துளை கோத்து, பிரம்புப் பின்னலில் வரும் அதே எண்கோணக் கண் வரும்படி பின்னியிருந்தது. எனக்கு அந்தக் கண் சரியாக வர ஆறு மாதம் ஆனது. கத்தி வைக்க மனம் வரவில்லை. அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இந்த மூலையை யாருங்க பின்னுனது?"

"நாந்தானுங்க."

கணவர் பக்கவாதத்தில் விழுந்தபின் மூன்று வருடம் அந்த நாற்காலியில்தான் இருந்தாராம். பிளாஸ்டிக் நாற்காலியில் சறுக்கிவிடுவாராம். ஒருநாள் அவர் உட்கார்ந்திருக்கும்போதே பிரம்பு அறுந்தது. அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, வீட்டில் கிடந்த பனியன் கட்டிங் வேஸ்ட் துணியை எடுத்து, பக்கத்துப் பின்னலைப் பார்த்துப் பார்த்துப் பின்னியிருக்கிறார். சாயங்காலமே அவரை மறுபடி உட்காரவைத்துவிட்டார். அவர் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

"அந்த மூலையை மட்டும் அப்படியே உட்டுறட்டுங்களா? சுத்தியும் பிரம்பு கோத்துக்கலாம்."

"வேண்டாங்க. அது அவுருக்காகப் பின்னுனது. இனி நான் உக்காரோணும்."

அறுத்தேன். ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம். மூன்று வருடம் தினமும் கணவரைத் தூக்கி உட்காரவைத்தவை அந்த அம்மாவின் கைகள்.

மரத்தை உப்புத்தாளால் தேய்த்து பாலிஷ் போட்டேன். ஊறவைத்த பிரம்பு நாரை ஈரத்தோடு பின்னி நிழலில் காயவிட்டேன். காயக் காயத் தானாக இறுகிக்கொண்டது.

நாற்காலியை எடுத்துப்போக வந்த அம்மா முதலில் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு வாசலிலேயே அதில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டிக்கொண்டார். ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

"செத்த நேரம் இருக்கச் சொல்லுங்க" என்றார் என்னிடம்.