இலை ஊதும் மெஷினுக்கு நான் எழுதிய ரிப்போர்ட்

டாக்டர் அம்மாவின் வலது மணிக்கட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் கூட்டுகிற வேலையே கூடாது என்று சொன்னார். அம்மா நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கூட்டக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு. கூட்டலீன்னா எங்க போயிப் படுக்கறதுன்னும் அவருகிட்டயே கேட்டிருக்கோணும்."

அதுதான் எங்கள் நிலைமை. அப்பா இறந்த பிறகு ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து, யாதவகிரியில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவரின் பெரிய வீட்டில் அம்மா வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக்கு உள்ளே வேலை கிடையாது. வெளியே மட்டும். ஒரு தூங்குமூஞ்சி மரம், மூன்று மாமரம், ஒரு செண்பகம், அவை உதிர்ப்பது எல்லாம் அம்மாவின் பொறுப்பு. அதற்குப் பதிலாக, கார் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அவுட் ஹவுஸ் அறை எங்களுக்கு. யார் வாசலைப் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கு அந்த அறை. எங்களுக்கு முன்பு இருந்த தோட்டக்காரருக்கும் அதே ஏற்பாடுதான்.

அப்போது நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ கடைசி வருஷம். எந்த மெஷினைப் பார்த்தாலும் அதன் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் நகரமாட்டேன். எத்தனை வாட், எத்தனை வோல்ட், எந்த ஊரில் செய்தது, எல்லாம் தெரிந்தாக வேண்டும். மணிக்கட்டு செய்கிற வேலையை ஒரு மோட்டார் செய்துவிட்டால் வேலையும் போகாது, அறையும் போகாது. இது எனக்கு பஸ் அக்ரஹாரம் தாண்டுவதற்குள் தோன்றிவிட்டது. அவ்வளவு வேகம் எனக்கு. இப்போது நினைத்தால் அந்த வேகத்தின் மேல்தான் முதலில் கோபம் வருகிறது.

வீட்டுக்கார ஐயாவிடம் போய்ச் சொன்னேன். வெளிநாட்டில் இலைகளைக் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின் இருக்கிறது, அது கையில் இருந்தால் அம்மா நின்றபடியே வாசலைச் சுத்தம் செய்துவிடலாம் என்றேன். அவருக்குக் கண் பளிச்சென்றது. அமெரிக்காவில் இருக்கும் மகன் போன வருஷம் வந்தபோது அப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனானாம், பெட்டி பிரிக்காமலே கார் ஷெட்டில் கிடக்கிறது என்றார். பிறகு குடகில் காபி எஸ்டேட் வைத்திருக்கும் மைத்துனர் நினைவுக்கு வந்தார். செடிக்கு மருந்து அடிக்க முதுகில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் மெஷின் அங்கே இருக்கிறது, மருந்து டாங்கியைக் கழற்றிவிட்டால் வெறும் காற்றுதான் என்றார்.

"நீ படிச்ச பொண்ணு. எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு. எது நல்லதுன்னு நீ சொல்றியோ அதையே வச்சுக்கலாம்," என்றார்.

என் வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் என்னிடம் ரிப்போர்ட் கேட்டதில்லை.

மூன்றாவது மெஷினை நானே கண்டுபிடித்தேன். அக்ரஹாரத்தில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் கல்லூரிப் பயிற்சிக்காக ஒரு மாதம் இருந்திருக்கிறேன். பழைய மோட்டாருக்குள் அடைந்த தூசியை ஊதித் தள்ள அங்கே ஒரு கை புளோயர் வைத்திருந்தார்கள். நம் ஊரில் செய்தது, கையடக்கமானது. கடைக்காரரிடம் இரவல் கேட்டேன். எதற்கு என்றார். மரத்தடியில் இலை ஊத என்றதும், எந்த இலையை எங்கே ஊதினாலும் சரி, மோட்டாரின் காயில் புகையாமல் திருப்பிக் கொண்டுவா என்று கொடுத்தார்.

ஒரு நோட்டில் கட்டங்கள் போட்டேன். எடை, சத்தம், ஒயரின் நீளம், காற்றின் வேகம். பழைய பேப்பர் கடைத் தராசில் மூன்றையும் நிறுத்தேன். அமெரிக்க மெஷின் முதல் நாளே அடிபட்டுப் போனது. அது நூற்றுப்பத்து வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே நேராகச் செருகினால் புகைதான் வரும். அதற்கென்று டிரான்ஸ்பார்மர் வாங்கினால், அதைத் தூக்கிக்கொண்டு நடக்க இன்னொரு ஆள் வேண்டும். மகன் கொண்டுவந்தது என்பதால் ஐயாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. எனக்கென்ன, உண்மையைச் சொன்ன திருப்தி.

மிச்சம் இரண்டு. கை புளோயர் இரண்டு கிலோவுக்கும் குறைவு. அம்மா இடது கையிலேயே பிடிக்கலாம். ஸ்விட்சை அழுத்தினால் போதும். கரண்ட் போகும் நேரத்தில் ஓடாது, ஒயரை இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும், அவ்வளவுதான் குறை. எஸ்டேட் மெஷின் பதினோரு கிலோ. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, கயிற்றை வெடுக்கென்று இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். நோட்டைப் பார்த்த யாரும் உடனே சொல்லிவிடுவார்கள், அம்மாவுக்கு எது என்று. நானும் மனதுக்குள் முடிவு செய்துதான் வைத்திருந்தேன். ஆனால் ஐயாவுக்கு முன்னால் ஓட்டிக் காட்டாமல் எழுதினால் அது என்ன ரிப்போர்ட்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாசி மாதம், இலை கொட்டித் தீர்க்கிற காலம். முந்தின நாள் உதிர்ந்ததை அம்மாவைக் கூட்டவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி காபி டம்ளரோடு படியில் நின்றார். கார் டிரைவர் தூணில் சாய்ந்துகொண்டார். அவருக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. தினமும் நஞ்சன்கூட்டிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்தார்.

கை புளோயரைச் செருகி ஸ்விட்சை அழுத்தினேன். நல்ல சத்தம் வந்தது. இலை மட்டும் அசையவில்லை. தூங்குமூஞ்சி இலை சின்னச் சின்னதாகத் தரையோடு அப்பிக்கொண்டு கிடந்தது. கிட்டே கொண்டுபோனேன். ஒரு மாவிலை மெதுவாகப் புரண்டு மறுபக்கம் படுத்தது.

"ஏன் மேடம், இது தலைமுடி காய வைக்கற மிஷினா?" என்றார் டிரைவர். ஐயாவின் மனைவி காபிக்குள் சிரித்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. புளோயரைக் கீழே வைத்துவிட்டு எஸ்டேட் மெஷினைத் தூக்கி முதுகில் மாட்டப் போனேன். டிரைவர் முன்னால் வந்து, அதெல்லாம் லேடீஸ் இழுக்க முடியாது, நான் பண்றேன் விடுங்க என்று கையை நீட்டினார். நான் விடவில்லை. மெஷினைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுத்தேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை கயிறு கையை உதறிக்கொண்டு திரும்பிப் போனது. சோக்கைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மூன்றாவது முறை இழுத்தேன். தெருநாய்கள் எல்லாம் குரைக்கத் தொடங்கின. அப்படி ஒரு சத்தத்தோடு அது எழுந்தது. முதுகில் ஏற்றிக்கொண்டு குழாயை நீட்டினேன். தரையோடு ஒட்டியிருந்த இலை எல்லாம் தகடு தகடாகப் பெயர்ந்து காம்பவுண்டுச் சுவரை நோக்கி ஓடியது. பத்து நிமிஷத்தில் வாசல் துடைத்து வைத்ததுபோல் ஆனது. ஐயா எழுந்து நின்று கை தட்டினார். டிரைவர் மறுபடி தூணில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

அன்று மத்தியானமே எழுதினேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு தோழியைப் பிடித்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் டைப் செய்து வாங்கினேன். காற்றின் வேகம், கரண்ட் இல்லாதபோதும் ஓடும் வசதி, செயல்திறன். எல்லாவற்றிலும் பெட்ரோல் மெஷினே சிறந்தது என்று முடித்திருந்தேன். யார் அதை முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள் என்பதற்கு என் நோட்டில் கட்டமே இல்லை. காலேஜுக்குப் போவதற்கு முன்னால் நானே தினமும் ஸ்டார்ட் செய்து அம்மாவின் முதுகில் ஏற்றிவிடலாம் என்று ஒரு கணக்கு மனதில் இருந்ததாக ஞாபகம். அதைக்கூட நான் எழுதவில்லை. மூன்றாவது இழுப்பில் அது எழுந்ததே, அந்தச் சத்தம்தான் காதில் இருந்தது.

அம்மா இரண்டு நாள் முயற்சி செய்தாள். முதல் நாள் நான் ஸ்டார்ட் செய்து மாட்டிவிட்டேன். செண்பகம் வரை போனவள் முதுகுச் சுமை தாங்காமல் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் எனக்குக் காலையிலேயே லேப். அவளே கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது மணிக்கட்டு வீங்கி, வளையல் உள்ளே அமுங்கியிருந்தது. ஐயா நல்ல மனுஷர்தான். அம்மாவைக் கூப்பிட்டு, நீ கஷ்டப்பட வேண்டாம், டிரைவர் காலையில் அதை ஓட்டிவிடுவான் என்றார். அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து, அறைக்குள் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எனக்குத்தான் புரிய நேரமானது.

அந்த வாரக் கடைசியில் கை புளோயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் சும்மா ஒரு தடவை, சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, வெயிலில் காய்ந்து கிடந்த இலைமேல் பிடித்தேன். இலை கோழிக்குஞ்சு மாதிரி குடுகுடுவென்று ஓடியது. தூங்குமூஞ்சி இலை புகை மாதிரி எழுந்து போனது. நான் ஸ்விட்சை விட்டுவிட்டு நின்றேன்.

அறைக்குள் போய், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வாசல் தெளித்தாயா என்று கேட்டேன்.

"தெளிக்காம? பெரியவங்க வந்து உக்காரப் போறாங்க, புழுதி எந்திரிக்கக் கூடாதுன்னு எப்பவும் ரெண்டு பக்கெட்டு, அன்னைக்கு நாலு பக்கெட்டு. விடியறதுக்கு முன்னாலயே தெளிச்சுப்போட்டேன்."

"ஈர எலை ஒட்டிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"ஒட்டட்டும்னுதான அம்மிணி தண்ணியே தெளிக்கறது. அப்பத்தான் கூட்டறப்ப சீமாத்துக்கு அடங்கி வரும்." கொஞ்ச நேரம் வீங்கின கையை நீவிக்கொண்டிருந்தாள். "மிசினுக்கு எப்படின்னு எனக்கென்ன தெரியும். படிச்சவ நீயி. ஒரு வார்த்த கேட்டிருந்தா தெளிக்காம உட்டிருப்பேன்."

ஒவ்வொரு நாளும் தண்ணீர் தெளிக்கும் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். அன்றும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். இலையின் ஈரத்தை நான் ஒரு கட்டமாகப் போடவில்லை.

அப்போதே ஐயாவிடம் ஓடினேன். தரை ஈரமாக இருந்ததால் பரிசோதனை தப்பு, காய்ந்த வாசலுக்குக் கை புளோயரே போதும், அம்மா அதை இடது கையில் பிடித்துக்கொள்வாள், தண்ணீர் தெளிப்பதை இலை தள்ளின பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து என் டைப் செய்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஓரத்தில் அழகாகப் பஞ்ச் செய்து ஃபைலில் கோத்திருந்தார்.

"நோடம்மா, இங்க பாரு, நீதானே எழுதிக் குடுத்தே? இதுக்கு ஒரு காப்பி எடுத்து என் பையனுக்கே அனுப்பியிருக்கேன். நம்ம அவுட் ஹவுஸ்ல இருக்கற பொண்ணு எழுதினதுன்னு. இப்போ வந்து தப்புங்கறே."

எஸ்டேட்டுக்கும் ஃபோன் செய்து மெஷின் தன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். டிரைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். காலை ஆறு மணிக்கே வாசலை ஊத வேண்டுமென்றால் அவர் நஞ்சன்கூட்டிலிருந்து எப்படி வருவார்? அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த அறைக்கே வந்துவிடட்டும். என்னைப் பார்க்காமல் ஃபைலை மூடியபடி, அவசரம் இல்லை, உன் பரீட்சை முடியட்டும் என்றார். அதையும் அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அந்த இரக்கத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பரீட்சை முடிந்து, நகரத்தின் மறுகோடியில் வரிசையாகக் கட்டின ஒற்றை அறைகளில் ஒன்றுக்குப் போனோம். நான் பாஸ். முதல் வகுப்பு. வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு வாசலுக்குப் பதிலாக மூன்று வாசல் ஒத்துக்கொண்டாள். மணிக்கட்டில் துணியை இறுக்கச் சுற்றிக்கொண்டு கூட்டினாள். நான் கூடப் போய்ப் பாதி கூட்டுவேன். ஒரு மோட்டார் பற்றியும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அந்த மூன்றில் ஒரு வீட்டு அம்மாள், யாதவகிரி வீட்டுக்காரர்களுக்கு ஏதோ உறவு. ஒரு நாள் நாங்கள் கூட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே வந்தார். என்னைக் காட்டி, இந்தப் பெண்தானே அங்கே இலை ஊதுகிற மெஷின் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது, ரொம்பக் கெட்டிக்காரி என்று சொன்னார்கள், எங்களுக்கும் ஒன்று பார்த்துச் சொல்லச் சொல்லேன் என்று அம்மாவிடம் கேட்டார்.

வாட், வோல்ட், எடை, ஈரம் என்று எல்லாம் எனக்குள் தானாக வரிசை கட்டி நின்றது. இந்த முறை சரியாகச் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன்.

அம்மா நிமிரவில்லை. கூட்டிக்கொண்டே சொன்னாள்.

"அது வேற ஏதோ ஒரு புள்ளைங்க. இவளுக்கு அதெல்லாம் ஒண்ணுந் தெரியாதுங்க."