பென் டிரைவுக்கு ஊர் கேட்டவர்

ராஜபாளையத்தில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து தரும் கடை வைத்திருந்தார் ஒருவர். பெயர் கேட்டதில்லை, ஊருக்கே அவர் வீடியோக்காரர். ஒல்லி உடம்பு, கழுத்தில் எப்போதும் ஹெட்போன். யார் பென் டிரைவை நீட்டினாலும், "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் சொருகுவார்.

ஒருமுறை லீவில் ஊருக்குப் போனபோது அவரை எச்சரித்தேன். அவர் கம்ப்யூட்டரில் இருந்த பழைய வீடியோ பிளேயர் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்திருந்தது. விஷமமாகச் செய்த ஒரு வீடியோவைத் திறந்தால் போதும், அது நினைவகத்தைக் குலைத்து வெளியாளை உள்ளே விட்டுவிடும். சேர்த்து வைத்த கல்யாணங்கள் எல்லாம் போய்விடலாம்.

"தெரியாத ஆளு குடுத்தா திறக்காதீங்கண்ணே."

"இங்க எவன் தம்பி தெரியாத ஆளு? நேத்து வந்தவன் சுந்தரபாண்டியத்துக்காரன். அவன் காதுகுத்தையே நாந்தான எடுத்தேன்."

"அவருக்கே தெரியாம அந்த மாதிரி வீடியோ பென் டிரைவுக்குள்ள இருக்கும்ணே."

அவர் எழுந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "அப்ப புதுசு போட்டு விட்டுட்டுப் போ."

போட்டுக் கொடுத்தேன். அடுத்து வந்தவரிடமும் ஊரைக் கேட்டார்.

இன்று இத்தகைய ஓட்டைகளைத் தேடுவதுதான் என் வேலை. எங்கிருந்தோ வரும் வீடியோ ஃபைலை எல்லா வகையிலும் சோதித்த பிறகும், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கத் தோன்றுகிறது. பதில் சொல்லத்தான் அங்கே யாரும் இல்லை.