பீளமேட்டு ஹாலும் பக்கத்து வீட்டு வாத்தியாரும்

கோபக்காரன் எந்தத் தொழில் வேண்டுமானாலும் செய்யலாம், கச்சேரி ஹால் மட்டும் நடத்தக் கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கல்யாணம், கோயில் நோம்பி என்று ஊர் ஊராக மைக் செட் கட்டி அடிபட்டவன் நான். பீளமேட்டில் ஒரு பழைய மோட்டார் பட்டறையைப் பிடித்து, எண்பது நாற்காலி போட்டு ஹால் ஆக்கினேன். சொந்தமாகப் பாட்டுக் கட்டி, வேன் ஏறிச் சுற்றுகிற சின்ன பேண்டுகள் வந்து வாசிப்பார்கள். ஹால் வைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் மற்ற ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே நிபந்தனை

கட்டடத்துக்காரம்மாவிடம் பேரம் பேசியே பாதி நாள் போனது. ஒயரிங், தண்ணீர், வண்டி நிறுத்த இடம் என்று எல்லாவற்றிலும் நான் கேட்டதே நடந்தது. பக்கத்துச் சுவர் விஷயத்தில் மட்டும் அம்மா இறங்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரிட்டயர் ஆன வாத்தியார் வீடு.

"ஏனுங்க, வாத்தியாரு ஒரே ஒருக்கா வந்து குறை சொன்னாருன்னாலும், அடுத்த நாளே சாவியக் குடுத்துப்போடோணுமுங்க."

கிழிந்த ஸ்பீக்கர்

முதல் பேண்ட் பெங்களூரிலிருந்து வந்தது. இரண்டாவது பாட்டில் கிட்டார்க்காரர் காலடியில் வைத்திருந்த சின்னப் பெட்டி ஒன்றை மிதித்தார். பர்ர்ரென்று ஒரு சத்தம். மைக் செட்காரன் காதுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது! பாய்ந்து போய் மெயினையே அணைத்துவிட்டேன். "புது ஸ்பீக்கருய்யா! யாரைக் கேட்டு மிதிச்சே?" என்று இருட்டில் கத்தினேன். அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, என் தோளைத் தட்டி மெதுவாகச் சொன்னார்:

"அண்ணா, இந்தக் கிழிசல் சத்தம் வரணும்னுதான் நான் மூணு வருஷம் பழகினேன்."

சத்தம் போடுங்க!

சென்னைப் பாடகி ஒருத்தி. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, "கோயமுத்தூர், சத்தம் போடுங்க!" என்றாள். ஊசி விழுந்தால் கேட்கும். மறுபடியும் கேட்டாள். எல்லாரும் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். பாவம், பாட்டுப் பிடிக்கவில்லை என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து, கைகட்டி விளக்கம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"பாட்டு அருமைங்க அம்மணி. சத்தம் போட ஆசதானுங்க. உள்ள வாரப்பவே ஹால்காரரு, பக்கத்துல ஊடு இருக்குது, வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாருங்க."

மூன்று தட்டு

ஈரோட்டு டிரம்மர் மூன்று பித்தளைத் தட்டு கொண்டுவந்து மாட்டினார். சிம்பல் என்பார்கள். அடித்தால் சுவர் அதிரும். எனக்கு வாத்தியார் முகம் கண்ணுக்குள் வந்தது. "ஒண்ணு போதும்" என்றேன். "மூணும் வேணுமுங்க" என்றார். அரைமணி நேரம் இழுத்தடித்து, இரண்டில் நிறுத்தினேன். ஜெயித்த தெம்பில் டீ சொன்னேன். டீயை உறிஞ்சிக்கொண்டே அவர் சொன்னது:

"மஞ்சமண்டில யாவாரம் பண்ற எங்கப்பாகூட இத்தன பேரம் பேசமாட்டாருங்க. ஒண்ணக் கழட்டிப்போட்டேன், செரி. அதுக்குண்டான அடியையும் சேத்து இந்த ரெண்டுலதானுங்க அடிக்கோணும்."

வாத்தியார் வந்தார்

அதே ஈரோட்டு பேண்ட், அதே சாயங்காலம். கட்டடத்துக்காரம்மாவும் முதல் தடவையாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாலாவது பாட்டில் கேட் திறந்தது. வாத்தியார்! எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அவர் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்தேன்: "மணி ஏழுகூட ஆகலீங்க! தட்டக் கழட்டியாச்சு, சன்னல அடைச்சாச்சு, வந்தவங்க வாயையும் அடைச்சாச்சு. இன்னும் என்னதானுங்க பண்ணோணும்?" பாட்டு நின்றது. எண்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூச்சு வாங்கும்வரை வாத்தியார் பொறுமையாக நின்றார்.

"பேசி முடிச்சாச்சுங்களா தம்பி? பாஸ் கிட்டார்ல ஒரு கம்பி சுருதி இறங்கிக் கெடக்குதுங்க. சர்ச்சுல நாப்பது வருசம் ஆர்கன் வாசிச்ச காதுங்க இது, தாங்கமாட்டேங்குது."

பாஸ் வாசித்தவர் கம்பியைத் தட்டிப் பார்த்தார். அசடு வழிந்தபடி முறுக்கினார். வாத்தியார் கண்ணை மூடிக் கேட்டு, "இன்னுங் கொஞ்சம்" என்றார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாம் சரி, ஆனால் வந்து குறை சொன்னது சொன்னதுதானே? பேசின பேச்சு பேச்சு. வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல், சாவியை எடுத்துக் கட்டடத்துக்காரம்மாவிடம் நீட்டினேன். அம்மா சாவியைத் தொடவில்லை.

"அந்தக் கம்பி என்ர காதுக்கே நாராசமாத்தான் இருந்துச்சுங்க. சாவிய நீங்களே வெச்சுக்கோங்க. ஆனா இனிமே வாத்தியாரு கேட்டுச் செரின்னு சொன்னாத்தான் பாட்டே ஆரம்பிக்கோணுமுங்க."

இப்போது எந்த ஊர் பேண்ட் வந்தாலும் வாத்தியார் தலையசைக்கும்வரை அவர்களோடு நானும் கைகட்டி நிற்கிறேன். அவர் தலையசைக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எப்பேர்ப்பட்ட கோபமும் ஆறிப்போய்விடுகிறதுங்க.