சுவிட்ச் அக்காவின் ஆறு கணினிகள்

நூலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோர் கிடையாது. சுவிட்ச் அக்கா என்றால்தான் தெரியும். மாலை ஏழு மணிக்கு மாடியிலிருக்கும் கணினி அறையின் மெயின் சுவிட்சைக் கீழே இழுப்பாள். படியிறங்கியதும், இழுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்ப ஏறிப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் வீடு. பக்கத்துக் கடை ஒருமுறை மின்கசிவில் எரிந்துபோனதிலிருந்து பிடித்த பயம் அது. பதினாறு வருடமாக யார் கேலி செய்தாலும் அவள் விடுவதாக இல்லை.

அட்டெண்டர் வேலை, அதுவும் தற்காலிகம். கணினி அறை இருக்கும்வரை அவள் இருக்கலாம் என்பது ஏற்பாடு. அங்கிருந்த ஆறு கணினிகளும் கிழடு தட்டிப்போனவை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாலும் திரை விழித்திருக்காது. ஊரிலிருந்த ஆலை மூடியதில் வேலை போனவர்கள் விண்ணப்பம் அடிக்க வருவார்கள்; காத்திருந்து காத்திருந்து, பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளம்புவார்கள். கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வருவார், உருப்படாத கணினிகளைப் பழைய இரும்புக்கு ஏற்றுவார், அறையைப் பூட்டுவார். அறையைப் பூட்டினால் அக்காவுக்கும் கும்பிடுதான். நூலகர் நல்ல மனிதர், ஆனால் பிள்ளைப்பூச்சி. கடிதத்தை அவளிடம் நீட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதினாறு வருடம் துடைத்துத் துடைத்து வைத்ததை இரும்பு என்று எழுத எப்படி மனசு வந்தது? மாதாமாதம் ஒரு கணினி இதழ் வரும். அவளைத் தவிர அதை யாரும் தொட்டதில்லை, அவளும் அடுக்குவதற்காகத்தான் தொடுவாள். கிழட்டுக் கணினியிலும் ஓடக்கூடிய ஒல்லியான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் பற்றி அதில் ஏதோ பார்த்த ஞாபகம். தேடி எடுத்து, புரியாத வரியை மூன்று தரம் படித்து, திங்கட்கிழமை நூலகரிடம் அனுமதி கேட்டாள். எப்படியும் இரும்புக்குப் போகிறதுதானே என்று அவரும் தலையாட்டினார்.

இதழோடு வந்த குறுந்தகட்டிலிருந்து அன்றே ஆறிலும் அதை ஏற்றிவிட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்தது. வந்து என்ன பயன், உள்ளே சாமான் இல்லாத வீடு மாதிரி வெறிச்சென்று கிடந்தது. தமிழ் எழுத்துரு இல்லை, கடிதம் அடிக்கும் செயலி இல்லை, பிரிண்டர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. வேண்டியதையெல்லாம் தனித்தனிப் பொதிகளாக இறக்கி நாமே நிறுவிக்கொள்ள வேண்டுமாம். அதிலும் ஒன்றைக் கூப்பிட்டால் அது தனியாக வராது. தம்பி வந்தால்தான் வருவேன் என்று அடம்பிடிக்கும். தம்பியைக் கூப்பிட்டால் அவனுக்கு இரண்டு கூட்டாளிகள் வேண்டும்.

இங்கேதான் அட்டெண்டர் புத்தி கைகொடுத்தது. மூன்றாம் தொகுதி வராமல் நான்காம் தொகுதியை அலமாரியில் ஏற்றாத கை அது. பழைய வருகைப் பதிவேட்டின் காலிப் பக்கங்களில் எதற்கு முன்னால் எது என்று எண் போட்டு எழுதினாள். செவ்வாய் முழுக்க, நூலகரின் கணினியில், ஆமை வேக இணையத்தில் ஒவ்வொன்றாகப் பென்டிரைவில் இறக்கினாள். புதன்கிழமை நிறுவ உட்கார்ந்தாள். ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தால், திரை சொல்லும் குறையை எழுதிக்கொண்டு கீழே ஓடுவாள், விட்டுப்போனதை இறக்குவாள், மறுபடி மாடி ஏறுவாள். முழங்கால் கெஞ்சியது. ஏழு மணிக்கு ஆறாவது கணினியில் ‘பெறுநர்’ என்று அடித்து அச்செடுத்தாள். எழுத்து பளிச்சென்று வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கம்போல மெயினை இழுத்துவிட்டு, திரும்ப ஏறிச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை பார்த்தால் ஆறும் துடைத்துவிட்ட பலகையாக இருந்தன. எழுத்துருவும் இல்லை, செயலியும் இல்லை. அவ்வளவு பாடும் விழலுக்கு இறைத்த நீர். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே கணவருக்குப் போன் செய்தாள்.

“விடும்மா, வேற வேலை பாத்துக்கலாம். உடம்பக் கெடுத்துக்காத,” என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் சுருக்கென்றது.

“வேலை போனா போகட்டும். ஏன் அழிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இதழை மறுபடி எடுத்தாள். கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் ‘தொடர்ச்சி 47ஆம் பக்கம்’ என்றிருந்தது. ஊருக்கெல்லாம் பத்திரிகை அடுக்குகிறவள் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. அங்கே தெளிவாகப் போட்டிருந்தார்கள்: இந்த லினக்ஸ் முழுவதும் தற்காலிக நினைவகத்திலேயே ஓடுகிறது, நிறுவியவற்றைச் சேமிக்கச் சொல்லி, முறையாக அணைக்க வேண்டும், திடீரென்று மின்சாரம் நின்றால் எல்லாம் போய்விடும். மின்சாரத்தை நிறுத்தியது யார்? சாட்சாத் அவளேதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை நினைக்க, அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மணி ஒன்பதரை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பதிவேட்டின் முதல் வரியில் விரலை வைத்தாள். இந்தத் தடவை மாடிப்படி ஏறி இறங்குகிற வேலை இல்லை. பொதிகள் பென்டிரைவில் இருந்தன, வரிசை தாளில் இருந்தது. நிறுவினாள், சேமித்தாள், அணைத்தாள், எழுப்பிப் பார்த்தாள், அடுத்ததற்கு நகர்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்ட நூலகரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு மணிக்கு ஆறும் முடிந்தன. நம்பிக்கை வராமல் எல்லாவற்றையும் இன்னொரு தரம் அணைத்து எழுப்பினாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்தபோது ஆறு நாற்காலியிலும் ஆட்கள் உட்கார்ந்து விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை எழுப்பிவிட்டு அவரும் அடித்துப் பார்த்தார், அச்செடுத்தார், அணைத்துப் போட்டுப் பார்த்தார். அப்புறம் பூட்டவேண்டிய அறைகளின் பட்டியலில் இந்தக் கிளையின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். அறை இருக்கும், அக்காவும் இருக்கலாம் என்றார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது; அதை அவள் மறைக்கவும் இல்லை.

வழியனுப்ப வாசலுக்கு வந்தபோதுதான் வண்டியைப் பார்த்தாள். பின்னால் நிறைய இதே மாதிரிக் கிழடுகள். மூன்று கிளைகளிலிருந்து காலையில் ஏற்றியவை என்றார் இன்ஜினியர். அந்த அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். அவர்களுக்கு இன்றோடு கடைசி என்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அக்கா வண்டியில் கிடந்த கணினி ஒன்றின் தூசியைக் கையால் துடைத்தாள்.

“இறக்குங்க சார்.”

“எதைம்மா?”

“எல்லாத்தையும். அந்த மூணு பேரையும் திங்கக்கிழமை இங்க வரச் சொல்லுங்க. நான் சொல்லித் தர்றேன், அவங்க கையாலயே பண்ணட்டும்.”

மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்று இன்ஜினியர் இழுத்தார். தாராளமாகக் கேளுங்கள் என்றாள் அக்கா. அவர் போனில் எண்ணைத் தேடி முடிப்பதற்குள் வண்டியின் பின்கதவுக் கொக்கியைத் தூக்கி, முதல் கணினியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறத் தொடங்கியிருந்தாள்.