தண்ணீர் தெரியும்வரை தோண்டிய குளம்

காலை ஆறு இருபது. லப்பைக்குடிக்காட்டில் அக்காவின் புது வீட்டுப் பின்பக்கம் போனதும் முதலில் கண்ணில் பட்டது மண்மேடு. மதில் சுவரைவிட உயரமாக இருந்தது. தோண்டச் சொல்லியிருந்த ஆறடிக் குழிக்கு அவ்வளவு மண் வராது.

அது 2003 கோடை. மச்சான் துபாயிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். பெரம்பலூரில் பத்திரிகை வேலையில் இருந்த என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அக்கா கேட்ட நீச்சல் குளத்துக்கு வேண்டிய நீல நிற ஓடுகளும் மோட்டாரும் பார்க்கத் திருச்சி போயிருந்தார். முதல் பஸ்ஸில் திரும்பியிருந்தோம்.

துபாயில் அவர்கள் குடியிருந்த கட்டடத்துக் குளத்தில் பெண்களுக்குத் தனி நேரம் உண்டு. அங்கேதான் அக்கா நீந்தக் கற்றாள். பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் திரும்பியபின் அவளுக்குத் தண்ணீரில் இறங்க இடமில்லை. வெள்ளாற்றில் பெரும்பாலும் மணல்தான். தண்ணீர் ஓடினால் கரையெல்லாம் ஆண்கள். புது வீட்டில் என்ன வேண்டும் என்று மச்சான் கேட்டபோது, "ஒரு கொளம். யாரு கண்ணுலயும் படக் கூடாது" என்றாள்.

மச்சான் கொண்டுவந்த படப் புத்தகத்தில் முந்திரிக்கொட்டை வடிவக் குளமும் சுற்றிலும் பனை மாதிரி அலங்கார மரங்களும் இருந்தன. அக்கா நீள்சதுரத்தைக் காட்டினாள். "நான் நீந்தணும்ங்க. வளைஞ்சு வளைஞ்சு போக நான் என்ன மீனா? இந்த மரமும் வேணாம். தூணு மாதிரி நிக்குது, எதை மறைக்கும்?"

மறைக்கவேண்டியது பக்கத்து வீட்டு மாடியை. நடுவில் ஒரு மாட்டுக்கொட்டகை இருந்தாலும், அந்த வீட்டு மாமி வற்றல் காயவைக்கும் மாடியிலிருந்து எங்கள் பின்பக்கம் முழுதும் தெரியும். மதிலை உயர்த்தினால் வீட்டுக்குள் காற்று வராது. மரம் வளர வருஷங்கள் ஆகும். அதற்கு ஒரு வழி தெரியாமலேதான் குழி தோண்டச் சொல்லியிருந்தார்கள்.

குழிக்குள் எட்டிப் பார்த்தோம். ஏணி பாதாளத்தில் நின்றது. அடியில் கிணறு வெட்டும் மேஸ்திரி, தலையில் துண்டோடு.

"என்னய்யா இது? ஆறடிதானே சொன்னேன்!" என்றார் மச்சான்.

"ஆறடியில ஈரமே தட்டல பாய். இப்ப பன்னெண்டுல தட்டியிருக்கு. நாளைக்கு ஊத்து தெரிஞ்சிரும்."

"ஊத்து எதுக்குய்யா? தண்ணி நான் மேலேருந்து விடுவேன்!"

மேஸ்திரி தலைத் துண்டை அவிழ்த்தார். "தண்ணி தெரியாம நாங்க மேல ஏறுனதில்லீங்க பாய். ஊத்து கண்டாத்தான் வீட்டுக்காரங்க கையால வேட்டி வாங்குவோம்."

கிணறு வெட்டுகிறவர்களிடம் ஆழத்தைச் சொன்னால் போதாது, நிறுத்தவும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மச்சான் குலை தள்ளிய வாழை சாய்ந்த மாதிரி மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். "மூடிருவோம். கொட்டுன மண்ணு மேல தளம் போட்டா எறங்கிரும். எனக்கு லீவும் முடியப் போகுது. அடுத்த தடவை பாப்போம்."

அடுத்த தடவை என்றால் இரண்டு வருஷம். அக்கா குழியைச் சுற்றி நடந்தாள். பிறகு, "கொஞ்சம் உள்ள எறங்கி ஏணியில பாதியில நில்லுங்க" என்றாள் மச்சானிடம். என்னிடம், வேலையாட்கள் நிழலுக்குப் போட்டிருந்த பந்தலிலிருந்து ஒரு தென்னங்கீற்றை உருவி மாமியின் மாடிப்பக்க விளிம்பில் நிறுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனாள்.

சற்று நேரத்தில் மாடியில் இரண்டு தலைகள்.

"கீத்த எறக்கு!" என்றாள் அக்கா. இறக்கினேன்.

"உன் மாப்பிள்ள வழுக்கை தெரியுதுடி" என்றார் மாமி.

"நிறுத்து!" நிறுத்தினேன்.

"இப்ப?"

"ஒண்ணுமில்ல. ஆளு இருக்காரா, போயிட்டாரா?"

"இருக்கேன் மாமி!" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. மேஸ்திரி சிரித்தார்.

குழி அப்படியே நின்றது. அடியில் கான்கிரீட், மேலே ஐந்தடித் தண்ணீர், தண்ணீருக்கு மேல் ஆளுயரத்துக்கு வெறும் சுவர், இறங்க அகலமான படிகள். மழைத் தண்ணீர் உள்ளே வழியாதபடி விளிம்பைத் தூக்கிக் கட்டினார்கள். கீற்று நின்ற விளிம்பில் நர்சரிக்காரர் காகிதப்பூ வைக்கச் சொன்னார். பூவெல்லாம் தண்ணீரில் கொட்டும் என்று அக்கா மறுத்தாள். மருதாணி வேலியைச் சொன்னது மாமி. "நெருக்கமா நடு, இடுப்பளவுல கத்தரிச்சுக்கிட்டே இரு. எல பறிக்க நானும் வருவேன்ல."

மேஸ்திரிக்கு மச்சான் வேட்டி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

மருதாணி அடர்ந்தது அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு. மோட்டார் போட்டுத் தண்ணீர் நிரம்பியபோது மாமி மாடியிலிருந்து கேட்டார்: "ஊரே கொடத்தோட அலையுது. இவ்ளோ தண்ணியும் வாரம் வாரம் மாத்துவியா?"

"அதே தண்ணிதான் மாமி. வடிகட்டி வடிகட்டி ஓடும்."

"அதே தண்ணியா? சீ!"

அக்கா முதலில் இறங்கிய மதியம் ஆண்கள் எல்லோரையும் முன் அறைக்கு அனுப்பிவிட்டாள். மாமி மாடியில் நின்று, "தெரியல, எறங்கு!" என்று குரல் கொடுப்பது கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம். அது சுவருக்குச் சுவர் போய்த் திரும்பியது. நின்றது. மறுபடி கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. நான்தான் திறந்தேன். மாமி, கையில் ஒரு மாற்றுச் சேலையோடு நின்றிருந்தார்.