பின் இருக்கை இல்லாத வண்டி

என் நாத்தனாரைப் பழிவாங்கத்தான் அந்த வண்டியை வாங்கினேன். மணிக்கட்டு வலி, பெட்ரோல் செலவு என்றெல்லாம் கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவையும் பொய்யில்லை. ஆனால் முதல் காரணம் அவள்தான். நேரில் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவள் என்றே எழுதுகிறேன். அந்த உரிமையாவது எனக்கு வேண்டும்.

அவள் என் கணவருக்கு மூத்தவள். தாயில்லாத தம்பியை வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தென்னூரில் ஒரு தனியார் பள்ளியில் தலைமை ஆசிரியை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவள், கீழே நாங்கள். எனக்கும் தென்னூரில்தான் வேலை, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடுவது. இருவருக்கும் ஒரே வழி, ஏறக்குறைய ஒரே நேரம். அதனால் நான் ஸ்கூட்டர் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவள் என் பின்னால் உட்கார்ந்தே வேலைக்குப் போனாள்.

ஏற்றிக்கொண்டு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவள்தான் வண்டியை ஓட்டினாள். பஸ்ஸை ஒட்டிப் போகாதே, பள்ளம் பார், சிக்னலில் முன்னால் போய் நில் என்று வழியெல்லாம் உத்தரவு வரும். உத்தரவு இல்லாத நேரத்தில் போனில் பேசுவாள். ஒருமுறை யாரோ எப்படி வருகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். "ஆட்டோ எல்லாம் இல்லைங்க. வீட்டு ஆள் இருக்கா, ஓட்டறா" என்றாள். வீட்டு ஆள் என்றால் உறவு என்றும் சொல்லலாம், வேலைக்காரி என்றும் சொல்லலாம். அவள் எதைச் சொன்னாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

அதைக்கூட மறந்திருப்பேன். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், தூறலில் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். அவள் போன் அடித்தது. கைப்பையிலிருந்து அதை எடுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். பாலத்தின் இணைப்பு இரும்பில் சக்கரம் ஏறிய நேரம் அது. வண்டி சறுக்கி விழுந்தது. அவள் தள்ளிப் போய்க் கால் ஊன்றி நின்றுவிட்டாள். நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். வலது கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி திரும்பியிருந்தது.

காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த இரண்டு பேர் நிறுத்தி வண்டியைத் தூக்கினார்கள். அதற்குள் நாத்தனார் ஓர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தியிருந்தாள். எனக்காகத்தான் என்று நினைத்தேன். அவள் ஏறி உட்கார்ந்து, தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"இன்னைக்கு ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன். நான் போயே ஆகணும். நீ மெதுவா ஆஸ்பத்திரில காட்டிட்டு போன் பண்ணு."

அந்த ஆட்டோவில் மூன்று பேர் உட்காரலாம்.

மாலையில் கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தபோது கதை வேறாக மாறியிருந்தது. நான் வேகமாகப் போனேனாம், அவள் சொல்லியும் கேட்கவில்லையாம். தான் பிழைத்ததற்காகக் கோயிலுக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் துளசியும் மஞ்சள்காப்பும் கொண்டுவந்திருந்தாள். நான் இடது கையை நீட்டினேன். "இடது கையிலயா வாங்குவே? தம்பிகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லி என் கணவரிடம் கொடுத்தாள். அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டார். அவர் அன்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டு பழையபடி மடங்கவில்லை. இரு சக்கர வண்டி வேண்டாம் என்றார் டாக்டர். நான் விழுந்த நாளிலிருந்து என் கணவர்தான் தன் பைக்கில் அக்காவைக் கொண்டுபோய் விட்டுவந்தார். அவருடைய வேலை வேறு திசையில். அதனால் தினமும் காலையில் அவள் மாடிப்படியில் நின்று, "கை சரியாச்சா? எப்ப வண்டி எடுக்கப் போற?" என்று கேட்பாள். வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

வழி எங்கள் பரிசோதனை நிலைய வாசலுக்கே வந்தது. சர்க்கரை பார்க்க வந்த ஒரு பாய், சின்னக் கூண்டு மாதிரி ஒரு பேட்டரி வண்டியிலிருந்து இறங்கினார். மூன்று சக்கரம், மேலே கூரை, முன்னால் கண்ணாடி, பக்கத்தில் ஜன்னல், நடுவில் ஒரே ஒரு இருக்கை. வளைகுடாவில் வெல்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருந்தார். முழங்கால் வலிக்காகத் தனக்கென்று செய்துகொண்டதாம் அது. பில்லை அவர் கையில் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒன்று செய்து தருவீர்களா என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். பாய் அளவெடுத்தார். கைப்பிடியை என் மணிக்கட்டுக்குத் தோதாக வளைத்துத் தருவதாகச் சொன்னார். பிறகு, "பின்னாடி இடம் இருக்கும்மா. சின்னதா ஒரு சீட்டு போட்டுரலாம். வீட்ல யாராச்சும் வந்தா உக்காந்துக்குவாங்க" என்றார்.

"வேணாம் பாய். பின்னாடி யாருமே உக்கார முடியாதபடி பண்ணிக் குடுங்க."

அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். காரணம் கேட்கவில்லை. "அப்ப தகடு அடிச்சு அடைச்சுர்றேன்" என்றார். அந்தத் தகட்டை அவர் அடிக்கிற சத்தத்தை நின்று கேட்கவேண்டும் போல இருந்தது எனக்கு.

வண்டி வந்த மறுநாள் காலை, நாத்தனார் கைப்பையும் குடையுமாக இறங்கி வந்தாள். புது வண்டி என்றதும் முகத்தில் ஒரு சந்தோஷம். பாவம், தனக்கும் சேர்த்து என்று நினைத்துவிட்டாள். முன்னால் பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள்.

"நான் எங்க உக்கார்றது?"

"இது ஒருத்தருக்குத்தான் அக்கா."

"அப்ப நான்?"

"பஸ் இருக்கே."

வண்டியை எடுத்தேன். சத்தமே வராத வண்டி. அவள் வாசலில் நிற்பது பக்கக் கண்ணாடியில் வெகுநேரம் தெரிந்தது. அவ்வளவு நல்ல காலை என் வாழ்க்கையில் சிலவே வந்திருக்கின்றன.

தம்பியிடம் முறையிட்டாள். ஆனால் அதற்குள் அவருக்குக் காலை ஷிப்ட் வந்துவிட்டது. ஆகவே அவள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றாள். எனக்கு நிறுத்தத்தைத் தொடாமல் போகிற குறுக்கு வழி உண்டு. நான் அதில் போகவில்லை. தினமும் நிறுத்தத்தின் வழியாகவே போனேன். அவளுடைய பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலரும் அங்கே நிற்பார்கள். அவர்கள் நடுவில் அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு பஸ் வரும் திசையையே பார்ப்பாள். என் வண்டிக்கு வேகம் குறைவு. அதுவும் வசதியாகப் போயிற்று. ஸ்கூட்டராக இருந்தால் சட்டென்று கடந்துவிடுவேன். இதில் நிதானமாகப் போகலாம். அவள் பார்க்காவிட்டால் ஹாரன் அடிப்பேன்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் காலை வண்டி நகரவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த பிளக்கில்தான் சார்ஜ் போடுவேன். ஸ்விட்ச் அணைந்திருந்தது. மறந்துவிட்டேன் போல என்று ஆட்டோவில் போனேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி. கேட்டேன். ராத்திரி முழுக்கக் கரண்ட் ஓடினால் வீடு பற்றிக்கொள்ளும் என்று பேப்பரில் படித்ததாகவும், எல்லாருடைய நல்லதுக்காகவும் அணைத்ததாகவும் சொன்னாள்.

எலெக்ட்ரீஷியனை வரவழைத்துச் சமையலறை ஜன்னல் பக்கம் தனியாக ஒரு பிளக் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ஸ்விட்ச் என் சமையலறையில்தான் இருந்தது. மறுநாள் நான் அதைப் போடவில்லை. அவள் தலையில் சீயக்காயைத் தேய்த்துக்கொண்டு குழாயைத் திறந்திருக்கிறாள். மேலிருந்து கூப்பிட்டாள். கரண்ட் பில் கட்டுப்படியாகவில்லை, எல்லாருடைய நல்லதுக்காகவும் நிறுத்தினேன் என்று கீழிருந்தே சொன்னேன். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறியது என் கணவர்தான். அதன் பிறகு என் வண்டிக்குச் சார்ஜ் குறைந்ததே இல்லை.

அன்று மாலை அவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். அக்கா மேல் என்ன கோபம், வாய்விட்டுச் சொல் என்றார். நான் பாலத்தைச் சொன்னேன். விழுந்ததை, ஆட்டோவை, துளசியை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எத்தனையோ மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். நாத்தனார் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"ஓ, அதுவா. அன்னைக்கு உனக்கு ஒண்ணும் பெருசா ஆகலையே."

அவள் நடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் தினமும் மனதில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதை அவள் அன்றைக்கே மறந்துவிட்டிருந்தாள். மணிக்கட்டை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டி, எந்த அளவுக்கு மடங்குகிறது என்று காட்டினேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, "இதுக்காகவா ஒரு வண்டியே வாங்கின?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. இதுக்காகத்தான்."

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பள்ளி வேனில் போக ஏற்பாடு செய்துகொண்டாள். ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன். அதனால் நான் பல் தேய்க்கும்போதே கிளம்பிவிடுகிறாள். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வேன் படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நிற்கிறாள், முழங்கால் பிடிக்கிறது போல. இரக்கம் வருகிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இதுவரை வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவிரி பிரிகிற முக்கொம்பு அணைக்குக் கிளம்பினேன். வண்டி அவ்வளவு தூரம் போய்த் திரும்புமா என்று பார்க்கவேண்டும் என்பது ஒன்று; தனியாக எங்காவது போகவேண்டும் என்பது ஒன்று. நானும் வரட்டுமா என்று கேட்டார் கணவர். கேட்டபிறகுதான் வண்டியைப் பார்த்தார். தன் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். என் வேகத்துக்கு பைக் ஓட்டுவது கஷ்டம். அடிக்கடி கால் ஊன்றி ஊன்றி வந்தார். முந்திப் போகச் சொல்லிக் கை காட்டலாம் என்று தோன்றியது. காட்டவில்லை. வழி நெடுக வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியது. நான் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, எனக்கு வேண்டிய வேகத்தில் போனேன்.