சூரியனைப் பார்க்கும் குழாய்

அந்த ஆவணி மாதம் அருந்ததிக்கு வந்ததுபோல் எதிரிக்குக்கூட ஒரு மாதம் வரக்கூடாது. ஆனால் அவளிடமே கேட்டால், தன் பதினாறு வயதில் உருப்படியாகக் கழிந்த மாதம் அது ஒன்றுதான் என்பாள். அப்படியொரு பிடிவாதக்காரி.

இரண்டாயிரமாம் ஆண்டு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மேபல் அன்ரியின் வீட்டு மேல்மாடியில் அருந்ததியும் தாய் பாலேஸ்வரியும் தாய்மாமன் சிவபாலனும் வாடகைக்கு இருந்தார்கள். தகப்பனுக்கு வவுனியாவில் உத்தியோகம். மாமாவுக்குப் புதுக்கடைக் கோர்ட்டுப் பக்கம் ஒரு லோயரிடம் கிளாக் வேலை. அருந்ததிக்கோ சூரியனில்தான் வேலை.

ஆளுயரத் தண்ணீர்க்குழாய் ஒன்று, அதன் முன்வாயில் கொட்டாஞ்சேனைக் கண்ணாடிக்கடைக் கிளறன்ஸ் மலிவாகத் தந்த மூக்குக்கண்ணாடி வில்லை, பின்வாயில் பழைய கமராவொன்றிலிருந்து கழற்றிய சின்ன வில்லை. இவற்றை வைத்து அவளே ஒரு தொலைநோக்கி செய்திருந்தாள். அதில் கண்ணை வைத்துப் பார்க்கக்கூடாது, கண் அவிந்துபோகும். குழாயைச் சூரியனுக்கு நேரே கட்டி, பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்தால் தாளில் சூரியன் ஒரு பிஸ்கற் அளவில் வந்து விழும். அதன்மேல் மிளகு சிந்தியதுபோல் கறைகள். கறைகள் நாளுக்கு நாள் நகரும். பெரிய கறையொன்று சூரியனின் பின்பக்கம் போய், மாதம் முடிவதற்குள் மறுபடி முன்னால் வருமா என்பதைத் தன் கண்ணால் பார்த்து வரைய வேண்டும். பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவள் எடுத்துக்கொண்ட வேலை அதுதான்.

குழாய் மொட்டைமாடியில் பகிரங்கமாக நின்றது. காகம் இருந்துவிட்டுப் போனது. ரெயில்பாதையோரக் காவலரணில் நின்ற பொலிஸ்காரர் தினமும் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன்பாட்டில் கொட்டாவி விட்டார். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். வெள்ளவத்தையில் அது புதினமில்லை. குழாய்த்தண்ணீர் அடிக்கடி நின்றுபோகிற மாதிரித்தான் பொலிஸ் வருவதும். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நின்றால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். ஆனால் பாலேஸ்வரி, பூட்ஸ் சத்தம் பக்கத்து வீட்டில் கேட்டதும், எங்கள் சனம் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். மொட்டைமாடிக்கு ஓடிப்போய்க் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் கூறைச்சேலையால் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். ஒளிக்கத் தேவையில்லாததை ஒளிப்பதில் எங்களை மிஞ்ச உலகத்தில் ஆளில்லை.

மொட்டைமாடியில் நின்றவரைக்கும் அது வெறும் குழாய். கட்டிலுக்குக் கீழே பட்டுச்சேலைக்குள் கிடந்தபோது ஷெல்லடிக்கும் குழாயாகிவிட்டது. அதைத் தானே செய்ததாக அருந்ததி சிங்களத்தில் சொல்லிப் பார்த்தாள். பெட்டைப்பிள்ளை செய்ததாம் என்று ஒருவன் சிரித்தான். குழாயையும், வீட்டிலிருந்த ஒரே ஆம்பிளை என்ற குற்றத்துக்காகச் சிவபாலனையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

அடுத்தநாள் லோயர் போய்க் கதைத்த பிறகு மாமா வந்தார். அடிக்கவில்லையாம், விடிய விடிய நிலத்தில் இருத்தி வைத்தார்களாம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குழாய் வரவில்லை. மேபல் அன்ரி மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, இன்னொருமுறை பொலிஸ் ஏறினால் வேறு வீடு பார்க்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர், சூரியனை விட்டுவிட்டு இலைகளைப் பற்றி ஏதாவது செய்யலாமே என்று தேன் ஒழுகச் சொன்னார்.

அருந்ததி அன்று முழுக்க அழுதாள். மாமாவின் முதுகைப் பார்க்கப் பார்க்கத் தான்தான் பாவி என்று தோன்றியது. அழுது முடிந்ததும் கோபம் வந்தது. கோபத்தோடு யோசனையும் வந்தது. ஒரு பரிசோதனை பிழைத்தால், முதல்நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் எது மாறியது என்று பார்க்கவேண்டும். குழாய் மாறவில்லை. பொலிஸ் மாறவில்லை. மாறியது சேலை மட்டும்தான். சோறு போட்டுக்கொண்டிருந்த தாயிடம் அதை அப்படியே சொன்னாள்.

"அம்மா, குழாயில பிழையில்லை. நீங்கள் ஒளிச்சதுதான் பிழை."

பாலேஸ்வரி அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு எழும்பிப் போனாள்.

அருந்ததி ஒருவரிடமும் கேட்காமல் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். கிளறன்ஸ் புதினம் விசாரிக்காமல் இன்னொரு மூக்குக்கண்ணாடி வில்லையும் சின்ன வில்லையொன்றும் துடைத்துக் கொடுத்தார். புதுக்குழாயை ஒழுங்கை முழுக்கப் பார்க்கத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள். மொட்டைமாடி பூட்டியிருந்ததால், தெருவைப் பார்த்த பல்கனிக் கம்பியில் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். பின்னேரச் சூரியன் கடற்பக்கமாகச் சாயும்போது அங்கேயே தாளில் விழுந்தது. விடுபட்ட நாட்களுக்கு வெறும் வட்டம் போட்டுவைத்தாள். ஒரு குத்துமதிப்பாகக் கறைகளைப் போட்டு நிரப்பினால் கண்காட்சியில் வைக்கலாம் என்றார் ரீச்சர். பார்க்காததை வரையமாட்டேன் என்றாள் அவள். அப்படியென்றால் வைக்க முடியாது என்று ரீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கண்காட்சி போனது. ஆனாலும் அந்தக் கறை வருமா என்பது மிச்சம் இருந்ததே! அவள் வரைவதை நிறுத்தவில்லை.

கறை வரவேண்டிய கிழமையில்தான் மறுபடி சுற்றிவளைத்தார்கள். முதல்முறை மாமாவை ஏற்றிக்கொண்டு போன அதே சப்-இன்ஸ்பெக்டர். படியில் பூட்ஸ் ஏறும்போது மாமா கையில் அடையாள அட்டையோடு வெளிறிப்போய் நின்றார். பாலேஸ்வரி பல்கனிக்கு விரைந்தாள். முடிந்தது கதை, கயிற்றை அவிழ்க்கப்போகிறாள் என்று அருந்ததி பின்னால் ஓடினாள். தாய் கயிற்றைத் தொடவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் குழாயைப் பார்த்தார், பிறகு சிவபாலனைப் பார்த்தார். இது ஆருடையது என்று சிங்களத்தில் கேட்டார். சிங்களம் பேசவேண்டி வந்தால் எப்போதும் தம்பியை முன்னால் தள்ளிவிடும் பாலேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"மகே துவகே," என்றாள். என் மகளுடையது. "இர பலன்ன." சூரியனைப் பார்க்க.

அவர் கயிற்றை அவிழ்க்கக் கையை நீட்டினார். அவளுக்குத் தெரிந்த சிங்களம் அத்தோடு தீர்ந்துவிட்டது. கம்பிக்கும் அவருடைய கைக்கும் நடுவே போய் நின்று தமிழிலேயே சொன்னாள்.

"தொடாதேங்கோ ஐயா. பிள்ளை இண்டைக்கு இன்னும் பாக்கேல்லை."